மடக்கு சைக்கிளில் இரண்டு பேர்

என் கணவர் கடைசிக் கப்பலை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்தபோது, பழைய கம்பளியில் சுற்றிய ஒரு பொட்டலத்தைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். தையல் மெஷினாக இருக்கும் என்று நினைத்தேன். கூடத்தில் இறக்கிவைத்துக் கயிற்றை அவிழ்த்தார். உள்ளே ஒரு சைக்கிள் பாதியாக மடிந்து கிடந்தது. நடுவில் இருந்த கொண்டியை மாட்டி, ஹேண்டில்பாரை நிமிர்த்தி, சீட்டை மேலே இழுத்து அதை நிற்கவைத்தார். சக்கரங்கள் குழந்தைகள் சைக்கிளுடையவை போல இருந்தன. சீட்டு முழு ஆளுக்கானது. பின்னால் ஒரு கேரியரும் இருந்தது.

"ஜப்பான்ல வாங்கினது. பழசுதான். கப்பல்ல பாதிப் பேரு இதை வச்சிருப்பான்," என்றார்.

எந்த ஊர்த் துறைமுகத்திலும் கடைத்தெரு தூரத்தில்தான் இருக்குமாம். சைக்கிளில் போய் சோப்பும் சிகரெட்டும் வாங்கி வந்து, கப்பல் புறப்படும்போது மடக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவார்களாம்.

"இங்க எதுக்கு?"

"ஓட்டுததுக்கு."

எங்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து அவர் பெரும்பாலும் கடலில்தான் இருந்தார். என்ஜின் அறையில் பிட்டர் வேலை. அந்த இரும்பு ஏணிகளில் ஏறி இறங்கியே இரண்டு முட்டியும் போயிருந்தன. மறுநாள் காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மாப்பிள்ளையூரணியில் எங்கள் தெருவை அப்போது குடிநீர்க் குழாய்க்காகத் தோண்டிப் போட்டிருந்தார்கள். சின்னச் சக்கரம் பள்ளத்தில் இறங்கியது. அவர் விழவில்லை. இறங்கி, உருட்டிக்கொண்டே திரும்பி வந்தார்.

"சக்கரம் சின்னது. இந்த ஊருக்கு ஆவாது," என்றார். முட்டியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் வீடு முழுக்கத் தைல வாசனை அடித்தது.

அதன்பின் சைக்கிள் மாடிப்படிக்கு அடியில் குடைகளோடு கிடந்தது. அதை வெளியே எடுத்தது நான்தான்.

பழைய துறைமுகத்துப் பக்கம் சரக்கு அனுப்பும் ஏஜென்சி ஒன்றில் எனக்கு வேலை. கப்பலில் ஏறும் உப்புக்கும் கருவாட்டுக்கும் உரிய தாள்களைத் தயார்செய்ய வேண்டும். நான் போய்வந்த மினிபஸ் காலையில் எங்கள் தெருமுனைக்கு வருவதை நிறுத்திக்கொண்டது. ஷேர் ஆட்டோவில் எனக்குக் கிடைத்த இடத்தை இடம் என்று சொல்ல முடியாது. பள்ளிக்கூடக் காலத்தில் சைக்கிள் ஓட்டியவள்தானே என்ற தைரியத்தில், இனி சைக்கிளில் போகிறேன் என்று இரவுச் சாப்பாட்டின்போது அவரிடம் சொன்னேன். காலையில் பார்த்தால் செயினில் எண்ணெய் போட்டு, காற்று அடித்து, என் உயரத்துக்குச் சீட்டை இறக்கி வைத்திருந்தார். என்னை அளந்ததாக ஞாபகம் இல்லை.

சேலை கட்டிக்கொண்டு ஓட்ட முடியாது என்பதால் சுடிதார் வாங்கினேன். ஐம்பது வயதுக்காரி சுடிதார் போட்டதைத்தான் தெருவில் சைக்கிளைவிட அதிக நாள் பேசினார்கள். பக்கத்து வீட்டில் மளிகைக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சியின் மனைவிக்கு மட்டும் சைக்கிள்மேல் அக்கறை இருந்தது. மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, "மைனி, இது இன்னும் வளருமா, இல்ல இம்புட்டுதானா?" என்று கேட்டாள். இம்புட்டுதான் என்று சொன்னேன்.

எங்கள் ஊரில் சைக்கிள் ஓட்டுபவர்களுக்குக் காற்றைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். மேற்கே இருந்து வரும் கச்சான் காற்றுக் காலத்தில் உப்பளத்துப் பக்கமிருந்து மண்ணை வாரிக்கொண்டு வந்து பக்கவாட்டில் தள்ளும். வாடைக் காலத்தில் காலையில் முதுகில் கைவைத்துத் தள்ளிக் கொண்டுபோய் அலுவலகத்தில் விடும், சாயங்காலம் அதே காற்று வீட்டுக்குப் போகவிடாது. அந்த நாட்களில் சைக்கிளை மடக்கிக்கொண்டு மினிபஸ்ஸில் ஏறிவிடுவேன். சாயங்காலத்தில் அது எங்கள் தெருவுக்கு வரத்தான் செய்தது. அதன் காரணத்தை நான் கேட்கவில்லை.

முதல் தடவை கண்டக்டர் மறித்தார். "அக்கா, சைக்கிள ஏத்தக்கூடாது."

"மடக்கிட்டேன்லா."

"மடக்கினாலும் சைக்கிள்தான."

"மடக்கின குடைய ஏத்துதிய. அதுவும் குடைதான."

பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்தினார்கள். "சரி, யாராவது கேட்டா மாவு அரைக்கிற மெஷின்னு சொல்லிருங்க," என்றார். யாரும் கேட்கவில்லை. ஆனால் அடுத்த வாரத்திலிருந்து அவரே என்னைப் பார்த்ததும் உள்ளே திரும்பி, "மெஷினுக்கு இடம் விடுங்க," என்று குரல் கொடுக்க ஆரம்பித்தார்.

அலுவலகத்தில் என் மேசைக்கு அடியில் அதற்கு இடம் இருந்தது. முதலாளி குனிந்து பார்த்து, "எண்ணெய் சொட்டுமாம்மா?" என்று கேட்டார். சொட்டாது என்றேன். மறுநாள் அதற்கு அடியில் பழைய செய்தித்தாளை விரித்து வைத்திருந்தார். சொட்டவில்லை. செய்தித்தாள் அங்கேயே கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மடக்கிய சைக்கிளோடு இரண்டு பேரும் மினிபஸ்ஸில் கடற்கரைச் சாலைப் பூங்காவுக்குப் போவோம். அவர் பெஞ்சில் உட்கார்ந்து, வெளியே நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களைப் பார்ப்பார். நான் சாலையில் சைக்கிளை ஓட்டிப் போய்ப்போய் வருவேன். ஒவ்வொரு தடவை அவரைத் தாண்டும்போதும் ஏதாவது சொல்லுவார். "அந்தக் கடைசில நிக்குதது நிலக்கரி." அடுத்த சுற்றில், "அதுல என்ஜின் புகை சரியில்ல." எனக்காகச் சொல்கிறாரா, தனக்கே சொல்லிக்கொள்கிறாரா என்று தெரியாது. என் ஓட்டத்தைப் பற்றி ஒருதடவைகூடச் சொன்னதில்லை. நீங்களும் ஒரு சுற்று ஓட்டுங்க என்று கேட்டால், "உனக்குச் செட் பண்ணின சீட்டு," என்பார்.

அந்தப் பெரிய மழை கிறிஸ்துமஸுக்குச் சில நாட்களுக்கு முன்னால் வந்தது. ஒரு பகலும் ஓர் இரவும் விடாமல் கொட்டியது. எங்கெங்கோ குளங்கள் உடைந்து, விடிந்து பார்த்தபோது தண்ணீர் வாசற்படி ஏறிக்கொண்டிருந்தது. கூடத்தில் கிறிஸ்துமஸ் குடில் ஜோடித்து வைத்திருந்தோம். அதன் ஆட்டுக்குட்டிகள் மிதந்து ஒவ்வொன்றாக அடுக்களைக்குள் போயின. நான் மாதா சொரூபத்தையும் வீட்டுப் பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறினேன். அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏறினார். பக்கத்து வீட்டுக்கு மாடி கிடையாது. அண்ணாச்சியும் அவர் மனைவியும் மதிலைத் தாண்டி எங்கள் மாடிக்கு வந்துவிட்டார்கள்.

மத்தியானத்துக்கு மேல், மீன்பிடிக்கிற பைபர் படகு ஒன்று எங்கள் தெருவுக்குள் வந்தது. கடற்கரைத் தெருவிலிருந்து வந்த ஆட்கள் வீடு வீடாக ஜனங்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் இறங்கிப் படகில் ஏறியதும், கடைசியாகச் சைக்கிளோடு வந்த என் கணவரைப் படகுக்காரர் தடுத்தார்.

"மாமா, ஆளு மட்டுந்தான். சாமான் ஏத்த இடமில்ல."

"இடம் வேண்டாம். மடியில வச்சுக்கிடுதேன்."

"என்ன அது?"

"சைக்கிளு."

படகுக்காரர் அதைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "எங்க ஓட்டப் போறிய?"

"தண்ணி எப்பவும் இப்படியே நிக்காதுலா," என்றார் இவர். கைக்குழந்தைபோல மடியில் வைத்துக்கொண்டு, மேட்டில் இருந்த கல்யாண மண்டபம் வரைக்கும் வந்தார்.

மறுநாள் காலையில் மண்டபத்தில் பக்கத்து வீட்டுக்காரிக்கு முடியாமல் போய்விட்டது. அவளுக்குச் சர்க்கரை. தினமும் இன்சுலின் போடுபவள். மருந்து அவள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் இருந்தது, அந்தப் பெட்டி தண்ணீருக்குள் இருந்தது. மண்டபத்துக்கு இன்னும் டாக்டர் யாரும் வந்துசேரவில்லை. போன் எதுவும் வேலை செய்யவில்லை. அவள் நாக்கு வறண்டு, கேட்ட கேள்விக்கு வேறு பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். அண்ணாச்சி அவள் கையைப் பிடித்துக்கொண்டு எங்கள் முகத்தைப் பார்த்தார்.

அவள் எப்போதும் மருந்து வாங்கும் கடை எனக்குத் தெரியும். நான் அலுவலகம் போகும் வழிதான். "நான் போயிட்டு வாரேன்," என்றேன்.

என் கணவர் எழுந்தார். "நடுவுல நடுவுல தண்ணி கெடக்கும். அதுக்குள்ள சைக்கிளத் தூக்கிட்டு உன்னால நிக்க முடியாது. நானும் வாரேன்."

"முட்டி?"

"தண்ணிக்குள்ள வலிக்காது."

அப்படித்தான் கிளம்பினோம். காய்ந்த இடத்தில் நான் ஓட்டினேன், அவர் கேரியரில் உட்கார்ந்தார். அவர் ஏறியதும் முன்சக்கரம் தரையை விட்டுக் கிளம்பப் பார்த்தது. "முன்னால அமுக்கிப் பிடி," என்றார். அமுக்கிப் பிடித்தேன். நின்றுபோன மோட்டார் சைக்கிள்களை வழியெல்லாம் ஆட்கள் தள்ளிக்கொண்டு போனார்கள். அவர்களுக்கு நடுவில் நாங்கள் மட்டும் போய்க்கொண்டிருந்தோம். ஒருவர் கூப்பிட்டு, "அண்ணே, நீங்க ஓட்டக்கூடாதா?" என்று கேட்டார். "அவளுக்குத்தான் வழி தெரியும்," என்றார் இவர்.

தண்ணீர் வந்த இடத்தில் இறங்கினோம். அவர் சைக்கிளை மடக்கித் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். நான் அவர் சட்டையைப் பின்னால் பிடித்துக்கொண்டேன். தண்ணீர் இடுப்புக்கு மேலே ஏறியது, இழுப்பும் இருந்தது. அவர் ஒவ்வொரு காலையும் தடவிப் பார்த்து, தரை இருக்கிறது என்று தெரிந்த பிறகே அடுத்ததை எடுத்துவைத்தார். அவசரமே இல்லை. அவர் வேலை செய்து நான் பார்த்ததே இல்லை. வருஷத்துக்கு ஒருதடவை விடுமுறைக்கு வந்து சாப்பிட்டுத் தூங்கிப் போன மனிதரைத்தான் எனக்குத் தெரியும். கப்பலில் இப்படித்தான் இருந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

"கப்பல்ல புயல் அடிச்சா பயமா இருக்குமா?" என்று கேட்டேன். கல்யாணமானதிலிருந்து கேட்க நினைத்திருந்த கேள்வி அது. தபாலில் கேட்கத் தோன்றியதில்லை.

தலையில் இருந்த சைக்கிளைச் சரிசெய்துகொண்டார். "அப்ப வேலை இருக்கும். முடிஞ்ச பெறவுதான் பயம் வரும். கையெல்லாம் நடுங்கும்," என்றார். பிறகு, "அங்கன பள்ளம், இந்தப் பக்கமா வா," என்றார்.

மருந்துக்கடை மூடியிருந்தது. கடைக்காரர் மேலே குடியிருப்பவர். தட்டியதும் மாடியில் வந்து நின்றார். விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு ஆளைத் தெரிந்தது.

"டாக்டர் சீட்டு இருக்கா?"

"சீட்டு வீட்டுல தண்ணிக்குள்ள கெடக்கு," என்றார் என் கணவர், தலையில் சைக்கிளோடு. "வேணும்னா போயி எடுத்துட்டு வாரோம். நாளாவும்."

கடைக்காரர் இறங்கி வந்து முழங்கால் தண்ணீரில் நின்று ஷட்டரைத் திறந்தார். குளிர்பெட்டியின் மேல்தட்டிலிருந்து மருந்தை எடுத்து, குளிர் இல்லாவிட்டாலும் ஒரு நாளில் கெட்டுப்போகாது என்று சொல்லி, ஈரத்துணியில் சுற்றி ஒரு தூக்குவாளியில் வைத்துக் கொடுத்தார். ஊசிகளும் கொடுத்தார்.

திரும்பும்போது வாடைக்காற்று எதிரில் அடித்தது. பின்னால் அவர் பாரம். வழியில் ஏற மினிபஸ் இல்லை. மிதித்தேன். மூச்சு வாங்கி நிறுத்தியபோதெல்லாம் அவர் இறங்கி நின்று, நான் மறுபடி ஏறும்வரை சைக்கிளைப் பிடித்துக்கொண்டார்.

அண்ணாச்சிக்கு ஊசி போடத் தெரிந்திருந்தது. சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரி எழுந்து உட்கார்ந்தாள். நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டு, "ரெண்டு பேருமா அதுல போனிய?" என்றாள். ஆமாம் என்றேன். அவள் தன் பங்குக்கு வந்திருந்த ரொட்டியை எடுத்து என் கையில் வைத்தாள். ரொட்டியைத் தின்றேன்.

விஷயம் மண்டபம் முழுக்கப் பரவியது. வண்டிகள் ஓடத் தொடங்கும்வரை நாங்கள் தினமும் போய்வந்தோம். பால்பவுடர், ரத்தக்கொதிப்பு மாத்திரை, மெழுகுவர்த்தி. ஒருவர் தலைக்கு அடிக்கும் சாயம் கேட்டார். அவர் மகளைப் பெண் பார்க்க வருவதாக இருந்ததாம். தண்ணி வடிஞ்சாலும் உடனே வரமாட்டாவ என்று நான் சொன்னேன். அவர் மாப்பிள்ளை வீட்டாரின்மேல் நம்பிக்கை வைத்திருந்தார். வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தோம்.

தண்ணீர் வடிந்து வீட்டுக்குத் திரும்பியபோது கூடத்தில் கணுக்கால் அளவுக்குச் சேறு. என் கணவர் வாசலில் சாக்கை விரித்து, சைக்கிளை அக்கக்காகப் பிரித்துப் போட்டு உட்கார்ந்தார். முதலில் வீட்டைக் கழுவுவோம் என்றேன். "வீடு எங்கயும் போவாது. இது துருப்பிடிச்சிரும்," என்றார். நான் கழுவினேன். அவர் ஒவ்வொரு துண்டாக மண்ணெண்ணெயில் துடைத்து, பழைய பேரிங்குகளைக் கழற்றி எறிந்து, கடைத்தெருவில் வாங்கி வந்திருந்த புதியவற்றைப் போட்டு மறுபடி பூட்டினார். வேலை முடிந்து எழுந்தபோது அவர் கை நடுங்கியது. நான் காபி போட்டுக் கொண்டுபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தம்ளரை அவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸ் பூசைக்குப் போகத் தெருவில் ஆட்டோ எதுவும் இல்லை, தண்ணீர் புகுந்து எல்லாம் பழுதாகிக் கிடந்தன. மாதா கோவில் ஒன்றும் தூரமில்லை, ஆனால் அவருக்கு நடக்கிற தூரமும் இல்லை. நான் சேலையை மாற்றிச் சுடிதார் போட்டுக்கொண்டேன். அவர் வெள்ளைச் சட்டையோடு வந்து கேரியரில் உட்கார்ந்தார். கோவில் வாசலில் இறங்கியபோது எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு கிழவர், "என்ன கப்பல்காரரே, பொம்பளை ஓட்ட நீரு உக்காந்து வாரீரு," என்றார்.

"கேரியர் நல்லா இருக்கு," என்று பதில் சொல்லிவிட்டு, இவர் சைக்கிளை மடக்கிக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

இப்போது ஆட்டோக்கள் எல்லாம் ஓடுகின்றன. ஞாயிற்றுக்கிழமை காலையில் பூசைக்குப் போக நான் சைக்கிளை வெளியே எடுக்கும்போது அவர் ஏற்கெனவே வாசலில் நிற்கிறார்.