பேய்க்கு என்னத்துக்குத் தண்ணி முறை?

ஒரு தோட்டத்தில் பேய் இருக்கிறது என்று யாராவது சொன்னால், அந்தத் தோட்டம் யாருடையது என்று என்றைக்காவது திருப்பிக் கேட்டிருக்கிறீர்களா?

கேட்டிருக்க மாட்டீர்கள். தலைமுடி எவ்வளவு நீளம், கால் நிலத்தில் பட்டதா என்றுதான் கேட்டிருப்பீர்கள். நீர்வேலி என்னும் ஊரில் வாழைத்தோட்டம் செய்யும் சுவர்ணாவின் கதையைக் கேளுங்கள். பிறகாவது கேள்வியை மாற்றிக்கொள்வீர்கள்.

சுவர்ணாவுக்கு இருபது வயதான காலத்தில் ஊரில் மின்சாரம் இல்லை. சண்டையும் பொருளாதாரத் தடையும் சேர்ந்து மண்ணெண்ணெயைக்கூட அருமருந்தாக்கியிருந்தன. கல்யாண வீடுகளுக்கு வீடியோ எடுத்துவந்த சீவரத்தினம், வேலையில்லாமல் கிடந்த கமெராவைத் தூக்கிக்கொண்டுபோய் ஒரு பேய்ப்படம் எடுத்தார். பெயர் 'பேய் பூந்த தோட்டம்'. பேயின் வெள்ளைச் சீலை அவருடைய மனைவியுடையது. பேயின் கண்ணுக்குக் குங்குமம், வெளிச்சத்துக்கு ஜாம் போத்தல் விளக்கு. தோட்டமெல்லாம் நெருஞ்சி முள் என்பதால் பேயாக நடித்தவர் றப்பர் செருப்பைக் கழற்ற மாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றுவிட்டார். செருப்புப் போட்ட பேயை உலகத்தில் வேறெங்கும் யாரும் கண்டிருக்க முடியாது.

சுவர்ணா அதில் ஓர் இளம் விதவையாக நடித்தாள். அந்தப் பக்கத்தில் ஒரு கிணறு இரண்டு மூன்று தோட்டங்களுக்குப் பொது. யார் எந்த நாள் இறைப்பது என்று முறை உண்டு; காணி உறுதிப் பத்திரத்திலேயே அது எழுதியிருக்கும். முறை போனால் பயிர் போகும், பிறகு காணியும் போகும். படத்தில் அந்த விதவையின் முறை வரும் காலைகளில் மட்டும் கிணற்றடியில் பேய் வந்து நிற்கும். கடைசிக் காட்சியில் அவள் பயத்தை விழுங்கிக்கொண்டு ஓடிப்போய்ச் சீலையைப் பிடித்து இழுப்பாள். உள்ளே மீசையும் இடுப்பில் கட்டிய சாரமுமாக அடுத்த தோட்டக்காரன் நிற்பான். "பேய்க்கு என்னத்துக்கடா என்ரை தண்ணி முறை?" என்று அவள் கேட்பாள். படம் முடிந்துவிடும்.

வீட்டு முற்றங்களில் ஜெனரேட்டரை உறுமவிட்டு ஊரூராகப் பார்த்தார்கள். செருப்பைக் கண்டு சிரித்தவர்கள், அந்தக் கேள்வியில் எழுந்து நின்று கைதட்டினார்கள். அதன்பின் கூட்டுறவுச் சங்கக் கடை வரிசையில் ஒருவன் இடையில் புகுந்தாலும், "பேய்க்கு என்னத்துக்கடா தண்ணி முறை?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வரும். புகுந்தவன் தலையைச் சொறிந்துகொண்டு பின்னுக்குப் போவான்.

காலம் போனது. சீவரத்தினம் இறந்துவிட்டார். சுவர்ணாவின் கணவரும் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். அவள் தனியாகத் தோட்டம் செய்தாள். கிணற்றின் மறுபங்கு அடுத்த தோட்டக்காரன் குகதாசனுக்கு. காணியைத் தனக்குத் தரும்படி அவன் கேட்காத விதமில்லை. ஆனால் பேய்க்கதை கட்டி அவளை வெருட்ட அவனுக்குத் துணிவு வரவில்லை. ஊரில் எல்லோரும் அந்தப் படத்தைப் பார்த்திருந்தார்களே! அவளுடைய தோட்டத்துக்கு முள்வேலியைவிடப் பெரிய வேலி அந்தப் படம்.

அந்த நிலையில்தான் சீவரத்தினத்தின் மகன் ஜெயதீபன் லண்டனிலிருந்து வந்தான்.

"அன்ரி, அப்பாவின்ரை படத்தைத் திருப்பி எடுக்கப்போறன். உங்கடை தோட்டத்திலதான். நல்ல பகிடியா எடுப்பம்."

"எடு. அப்பவும் சனம் சிரிச்சதுதானே. கடைசிக் காட்சியை மட்டும் மாத்திப்போடாதை தம்பி."

"என்ன கதை அன்ரி கதைக்கிறியள்? அது அப்பாவின்ரை உயிர். அதில நான் கை வைப்பனே?"

அந்த ஒரு சொல்லை நம்பி அவள் தோட்டத்தைத் திறந்துவிட்டாள். பெட்டிக்குள் சீலையில் சுற்றி வைத்திருந்த பழைய வீடியோ நாடாவையும் எடுத்துக் கொடுத்தாள். படப்பிடிப்பு நடந்த காலைகளில் அத்தனை பேருக்கும் புட்டு அவித்தாள்.

சுன்னாகத்தில் ஒரு மண்டபத்தில் முதற்காட்சி. தோட்டத்தில் தன்னோடு வேலை செய்யும் மீனாம்பிகையையும் கூட்டிக்கொண்டு முன்வரிசையில் போய் இருந்தாள். பேய் மின்னுகிற சிவப்புச் சீலையில் ஸ்கூட்டியில் வந்து இறங்கியது. கதலிக் குலையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆடியது. ஒரு செருப்பைத் தொலைத்துவிட்டு வாழைக்கு வாழை தேடியது. சுவர்ணா கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"அக்கா, உந்தப் பேய்க்கு ஒரு மாப்பிள்ளை பாத்தா என்ன? பேசி முடிக்கிறது என்ரை பொறுப்பு," என்றாள் மீனாம்பிகை.

"சும்மா இரடி. இனித்தான் கடைசிக் காட்சி."

திரையில் விதவை ஓடிப்போய்ச் சீலையைப் பிடித்து இழுத்தாள். உள்ளே ஒருவருமில்லை. வெறும் சீலை அந்தரத்தில் எழும்பி, இடுப்பை நெளித்து ஓர் ஆட்டம் ஆடி, "நான் எங்கையும் போகமாட்டன். இது என்ரை தோட்டம்!" என்றது. மண்டபம் விசிலடித்தது. அதன்மேல் எழுத்து ஓடியது: 'உண்மையான பேய்த் தோட்டம் தந்துதவிய நீர்வேலி சுவர்ணாவுக்கு நன்றி.'

வாசலில் நின்று எல்லோருக்கும் கைகொடுத்துக்கொண்டிருந்தான் ஜெயதீபன்.

"கடைசிக் காட்சி எங்கையடா?"

"ரெண்டாம் பாகத்துக்கு ஒரு வழி வேணுமெல்லோ அன்ரி. புத்தி சொன்னா இப்ப ஒருத்தரும் பாக்கமாட்டினம். சனம் எப்பிடிச் சிரிச்சது, பாத்தனிங்கள்தானே?"

"கடைசியில நான் சிரிச்சதைப் பாத்தனியே?"

அவன் அதற்குள் அடுத்தவருக்குக் கைகொடுக்கத் திரும்பிவிட்டான்.

படம் இணையத்தில் ஏறியது. கீழே சனம் கருத்து எழுதித் தள்ளியது. 'வயிறு நோகுது, சிரிச்சு ஏலாது' என்றார் ஒருவர். 'பழைய பேயின்ரை செருப்புக்குப் பக்கத்தில வரேலாது' என்றார் கனடாவிலிருந்து ஒருவர். 'பழசில கடைசி வேற மாதிரியெல்லோ?' என்று ஒரே ஒருவர் கேட்டிருந்தார். 'ஓம், அது சரியான அறுவை' என்று அவருக்குப் பதில் கிடைத்திருந்தது. அதற்குக் கீழேதான் நஞ்சு இருந்தது. 'நீர்வேலித் தோட்டத்தில உண்மையாவே பேயாம். எங்கடை மாமி சொன்னவ.' 'அந்தக் காணிக்காரியின்ரை மனுசனும் அதாலதான் செத்தவராம்.'

பேய் இல்லை என்று நன்றாகத் தெரிந்தவர்கள்தான் பேயை விற்கிறார்கள். நம்புகிறவர்கள் பயப்படுவதோடு சரி. படத்துக்கு ஆள் சேர்க்க ஜெயதீபன் இன்னொரு துண்டு வீடியோவையும் விட்டான். அதில் குகதாசன் திருநீறு பூசிக்கொண்டு, "உந்தக் கிணத்தடியில நானே கண்ணால கண்டனான்" என்றான். அடுத்து, விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் கிணற்றடி. ஆளே இல்லாமல் இறைப்பு மிசின் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. 'வெள்ளிக்கிழமை காலை எங்கள் கமெராவில் சிக்கியது!' என்று மேலே எழுத்து. பார்த்தவர்கள் ஆயிரக்கணக்கில் வாயைப் பிளந்திருந்தார்கள்.

சுவர்ணா அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை அவளுடைய முறை. படக்காரருக்குப் புட்டு அவிக்கவென்று அன்று அவள் கிணற்றடிக்குப் போகவில்லை. மிசினிலிருந்து வந்த தண்ணீர் வாய்க்காலில் வடக்கே திரும்பி ஓடியது. வடக்கே இருப்பது குகதாசனின் வெங்காயம். எல்லோரும் மிசினைப் பார்த்தார்கள். தண்ணீர் போன பக்கத்தை ஒருவரும் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் மீனாம்பிகை வேலைக்கு வரவில்லை. "குறை நினையாதையுங்கோ அக்கா. எனக்குப் பயமில்லை, மருமோன்தான் விடுறானில்லை," என்று போனில் சொன்னாள். வெள்ளி காலை சுவர்ணா தனியாகத் தோட்டத்துக்குப் போனபோது, குகதாசனின் மிசின் ஓடிக்கொண்டிருந்தது. இந்தமுறை அவன் ஒளியவில்லை. வரம்பில் நின்று பல் தீட்டிக்கொண்டிருந்தான்.

"இண்டைக்கு என்ரை முறையெல்லோ, குகதாசண்ணை?"

"நீ வரமாட்டாய் எண்டு நினைச்சன் பிள்ளை. சனம் கதைக்கிறதைக் கேட்டுக்கொண்டு தனிய இஞ்சை நிக்கேலுமே? முறையை எனக்கு எழுதிவிட்டிட்டு நிம்மதியா இரன்."

அவள் வரம்பில் ஏறி அவனுக்கு நேரே நின்றாள். அந்தப் பழைய கேள்வி வாயில் தானாக வந்தது.

"பேய்க்கு என்னத்துக்கு என்ரை தண்ணி முறை?"

குகதாசன் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டுச் சிரித்தான். "அது பழைய படம் பிள்ளை."

அவள் வீட்டுக்கு வந்து ஜெயதீபனுக்குப் போன் எடுத்தாள். "அப்பாவின்ரை படத்தையாவது அப்பிடியே போடு தம்பி. சனம் பாக்கட்டும்."

"அந்தக் கசற் பூஞ்சணம் பிடிச்சுப்போச்சு அன்ரி. எறிஞ்சாச்சு. நீங்கள் உதையெல்லாம் பெரிசா எடுக்காதையுங்கோ. பகிடிதானே!"

அன்று பின்னேரம் சுவர்ணா தன் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு படத்துக்குக் கருத்து எழுதினாள். ஒற்றை விரலால் எழுதி முடிக்க வெகுநேரம் பிடித்தது. 'நான்தான் அந்தத் தோட்டக்காரி. பழைய படத்தில் சீலைக்குள் ஒரு மனிதன் இருந்தான். வெள்ளிக்கிழமை வீடியோவில் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள்.' சிரிக்கிற முகங்கள் வந்து விழுந்தன. 'பேயே வந்து கமெண்ட் போடுது!' என்று ஒருவர் எழுதினார். அதை மட்டும் எண்ணூறு பேர் விரும்பியிருந்தார்கள்.

அவள் இன்னும் முறையை எழுதிக் கொடுக்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் அவனுக்கு முந்திப் போய்க் கிணற்றுக் கட்டின் மேல் ஏறி இருக்கிறாள். எத்தனை வெள்ளிக்கு ஒருத்தி தனியாக இருப்பது?

அந்தக் காலத்தில் அந்தப் படத்தின் கொப்பிகள் பல வீடுகளுக்குப் போயின. இடம்பெயர்ந்தவர்கள் சிலர் கப்பலேறியும் கொண்டுபோனார்கள். உங்கள் வீட்டு அலுமாரிக்கு அடியில், கல்யாண வீடியோக்களோடு கலந்து ஒன்று கிடக்கக்கூடும். தேடுங்கள். கிடைத்தால் நீர்வேலிக்கு அனுப்புங்கள். கிடைக்காவிட்டால், புதுப் படத்தின் கீழே போய் அவளுடைய தண்ணி முறைக் கேள்வியை ஒருமுறை எழுதுங்கள். எண்ணூறு சிரிப்புக்கு எதிரே அது ஒன்றாவது நிற்கட்டும்.