ரயிலில் மறந்த சோறு

எனக்கு அறுபத்தொன்பது வயசு. பெத்தது நாலு, வளத்தது அஞ்சு. அஞ்சாவது என் தங்கச்சி பிள்ளை. வீட்டில சும்மா உட்காரச் சொல்றாங்க. நான் கேக்கறதில்லை. எங்க தங்கச் சுரங்க ஊர்ல கோரமண்டல் ஸ்டேஷன்ல காலை ரயில் ஏறி பெங்களூர் போய், ஒரு யூத அம்மா வீட்டில சமைக்கிறேன். அடுப்பை அவங்கதான் பத்தவெப்பாங்க, அது அவங்க முறை. கறிக்கு ஒரு பாத்திரம், பாலுக்கு ஒரு பாத்திரம். ஒருநாளும் நான் மாத்தினதில்லை. என்னை விட்டா அந்தம்மாவுக்குக் கை ஓடாது.

ரயில்ல எங்களோட வர்றவங்கள்ல ஒருத்தி ஸ்கெலட்டன்காரி, அந்தப் பேர்ல இருக்கற சுரங்க லைன் வீட்டுக்காரி. ஏதோ ஆபீஸ்ல கூட்டிப் பெருக்கறா. ரோஷக்காரி. யார்கிட்டயும் ஒரு வாய் தண்ணி வாங்க மாட்டா.

போன மழைக்காலத்தில ஒருநாள் கன்டோன்மென்ட்ல அவசரமா இறங்கினேன். என் சோத்துத் தூக்கு சீட்டுக்கு அடியிலேயே போயிடுச்சு. தக்காளிச் சோறு, ரெண்டு முட்டை. மறுநாள் ரயில்ல அவ அதைக் கொண்டாந்து நீட்டினா. பளபளன்னு கழுவியிருந்தது.

"உங்களுக்குக் குடுக்கணும்னுதான் எடுத்தேன்க்கா. பையனுக்கு ஜுரம், வீட்ல அடுப்பு மூட்டல. பசி தாங்கல, துன்னுட்டேன். திருடிட்டேன்."

"போடி, நான் குடுத்ததா நெனச்சுக்கோ."

"நீங்க எங்கக்கா குடுத்தீங்க? மறந்துட்டுதானே போனீங்க?"

பக்கத்தில இருந்தவ சிரிச்சா. "இன்னா அத்தை, குடுக்காமலே புண்ணியம் வேணுமா?"

எனக்குச் சுருக்குன்னுது. ஸ்கெலட்டன்காரி மறுநாள்லேர்ந்து வேற பெட்டியில ஏறினா. காலியா கெடந்த அவ இடத்தைப் பார்க்கப் பார்க்க மனசு கேக்கல.

யூத அம்மாகிட்ட சொன்னேன். அவங்க மேசையைத் தட்டிச் சிரிச்சாங்க.

"உனக்கு அதிர்ஷ்டம்! நல்லது செய்யறப்ப மனசும் கூட இருக்கணுமா, கை மட்டும் போதுமான்னு எங்க ஜனங்க காலங்காலமா வாதாடறாங்க. ஆனா ஒரு சட்டம் இருக்கு, அதை நெனச்சுச் செய்யவே முடியாது. அறுத்த கதிர்க்கட்டு ஒண்ணை வயல்ல மறந்துட்டு வந்துட்டா, திரும்பிப் போய் எடுக்கக் கூடாது. அது இல்லாதவங்களுக்கு. வேணும்னே விட்டா அது வேற தர்மம். மறந்தாத்தான் இது. அப்படி மறந்தவங்களுக்கும் ஆசீர்வாதம் உண்டு."

மறுநாள் அவ ஏறின பெட்டியிலேயே நானும் ஏறி, எதிர்ல உட்கார்ந்து அந்தம்மா சொன்ன கதிர்க்கட்டுச் சட்டத்தைச் சொன்னேன்.

"அப்ப திருட்டு இல்லியா?"

"நான் மறந்தப்பவே அது உன்னுது. திரும்பிக் கேட்டிருந்தா என் மேலதான் தப்பு."

பங்காருபேட்டை வர்றப்ப அவ எழுந்து என் பக்கத்தில வந்து உட்கார்ந்தா. அப்புறம் மெதுவா சொன்னா: "உப்பு கொஞ்சம் கம்மிக்கா."

"இன்னாடி சொன்ன? அஞ்சு பிள்ளைங்க சொன்னதில்லை அந்த வார்த்தை!"

பெட்டியே சிரிச்சுது. அவளும்தான். அடுத்த நாள் பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்தா.

வேணும்னே மறந்து பார்க்கலாம்னு நானும் சில தடவை பார்த்தேன். இறங்கறப்ப கை தானா தூக்கைத் தேடுது. அதனால இப்ப நேரா மூடியைத் திறந்து "எடு"ங்கறேன். எடுக்கறா. உப்பும் பார்க்கறா.

எழுத்துக்கூட்டி இவ்வளவு எழுதிட்டேன். என் பேத்திக் கண்ணு, இங்க வா, இதை எனக்குப் படிச்சுக் காட்டு. எதையாவது மறந்து விட்டிருந்தா நீ சேக்காதே. அது வேற யாருக்கோ.