வலது பக்கம் நின்றவன்

சங்ககிரி பேருந்து நிலையத்துக்குப் பின்சந்தில் இருக்கிறது மஞ்சுளாவின் கடை. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, செத்துப்போன பையன் ஒருவன் தோளில் பையோடு அந்தக் கடைப்படி ஏறி வந்தான். செருப்பை ஓரமாகக் கழற்றி விட்டுவிட்டு, "அக்கா, ஒரு கீ செயின் அடிக்கோணுங்க. இப்பவே கெடைக்குங்களா?" என்று கேட்டான்.

மஞ்சுளா இரண்டடி பின்னால் போனாள். வாய்க்குப் பேர்போனவள் அவள். லாரிக்காரர்களிடம் வாயாடியே கடையை நிலைநிறுத்தியவள். ஆனால் இந்த முகத்தை நேற்று முழுக்கச் சட்டை சட்டையாக அவள்தான் சூட்டில் அழுத்தி எடுத்திருந்தாள். முகத்துக்குப் பக்கத்தில் எரியும் விளக்கு, கீழே பிறந்த தேதியும் இறந்த தேதியும், மேலே 'மணிமாறன் நினைவுக் கோப்பை'. அந்த முகம் இப்போது எதிரில் நின்று கீ செயின் கேட்கிறது. பட்டப்பகலில் பேய் வருமா என்றுதான் அவள் புத்தி முதலில் ஓடியது.

பையனின் பார்வை அவளைத் தாண்டிச் சுவருக்குப் போனது. எந்த ஆர்டர் வந்தாலும் ஒரு உருப்படி கூடுதலாக அடித்துக் கடையில் மாட்டுவது மஞ்சுளாவின் வழக்கம். வருகிறவர்கள் பார்த்து ஆசைப்படட்டும் என்று மாட்டுவாள். நேற்று அடித்த சட்டையும் முதுகைக் காட்டிக்கொண்டு அங்கே தொங்கியது.

"இதென்னங்கக்கா?" என்றான் அவன். "இது நானுங்க."

"நீங்க... மணிமாறன் இல்லீங்களா?"

"மணி செத்து ஒரு வருஷம் ஆச்சுங்க. நான் ஜெயபிரகாஷ். அவனோட சிநேகிதன்."

மஞ்சுளா நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தாள்.

அவளுடைய தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் நடந்த கூத்து விளங்கும். புருஷன் அறிவழகன் லாரியோடு ஊர் ஊராகப் போகிறவன். இவள் பவானியில் ஒரு அச்சகத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவிட்டு, ஒரு ஹீட் பிரஸ் மிஷினை வாங்கிச் சொந்தமாகக் கடை போட்டாள். முட்டைக் கடைக்குத் தொப்பி, கபடிக் குழுவுக்குச் சட்டை, மகளிர் குழுவுக்குப் பை, டிரைவர்கள் கேபினில் மாட்டிக்கொள்ளப் பிள்ளைகளின் படம் போட்ட கடிகாரம் என்று கேட்டதெல்லாம் அடித்துக் கொடுப்பாள். படத்தை முதலில் காகிதத்தில் இடவலம் மாற்றி அச்செடுக்க வேண்டும். அந்தக் காகிதத்தைத் துணிமேல் கவிழ்த்துச் சூட்டில் அழுத்தினால் படம் நேராகப் பதியும். திருப்ப மறந்தால் எல்லாம் தலைகீழ்ப் பாடம்தான்.

கடை போட்ட புதிதில் அவள் மறந்தும் இருக்கிறாள். ஒரு டிரான்ஸ்போர்ட்காரர் ஆயுத பூஜைக்குக் கேட்ட சட்டை அத்தனையிலும் எழுத்து இடவலம் மாறிப் பதிந்துவிட்டது. அந்த மனுஷன் திட்டக்கூட இல்லை. ஒரு சட்டையை எடுத்துப்போய் வாசலில் நின்ற லாரியின் பக்கக் கண்ணாடியில் காட்டி, "இப்பிடிப் பாத்தா சரியாத்தானுங்க இருக்குது" என்றார். சந்தே சிரித்தது. அன்றைக்குப் பட்ட மானக்கேட்டில் மஞ்சுளா ஒரு சபதம் எடுத்தாள். எந்தப் போட்டோ வந்தாலும் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் திருப்பிவிடுவாள். மற்ற வேலை எல்லாம் அப்புறம்தான். "பல்லு வெளக்க மறந்தாலும் இத மறக்க மாட்டேன்" என்று பெருமை வேறு.

அந்தப் பெருமைதான் இப்போது குப்புறத் தள்ளிவிட்டது. மல்லசமுத்திரம் பக்கத்துக் கபடிக் குழுவின் கேப்டன் கந்தப்பன் போனில் ஒரு போட்டோ அனுப்பியிருந்தான். ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரிக்கு முன்னால் இரண்டு பையன்கள் தோளில் கை போட்டு நிற்கும் படம். கூடவே ஒரு குரல் பதிவு: "அக்கா, வலது பக்கம் நிக்கறவன்தான் நம்ம மணி. அவனை மட்டும் வெட்டி எடுத்துக்குங்க." மஞ்சுளா வழக்கப்படி முதலில் படத்தைத் திருப்பினாள். அப்புறம் குரலைக் கேட்டாள். திருப்பிய படத்தில் வலது பக்கம் யார் நின்றானோ அவனை வெட்டி எடுத்து விளக்கேற்றிவிட்டாள். இரண்டு பையன்களையும் அவள் முன்பின் பார்த்ததில்லை.

ஜெயபிரகாஷ் தன் போனை நீட்டினான். அதே போட்டோ. கீ செயினுக்கு அவன் கொண்டுவந்ததும் அதுதான். அதில் வலது பக்கம் நின்று சிரிப்பவன் வேறொருவன்.

"அடப்பாவி மக்கா, உசுரோட இருக்கறவனுக்கு வெளக்கு வெச்சுட்டனே" என்று மஞ்சுளா தலையில் அடித்துக்கொண்டாள்.

"சட்டையெல்லாம் எங்கீங்கக்கா?"

"விடியறதுக்குள்ள கந்தப்பன் வந்து எடுத்துட்டுப் போயிட்டானே. முன்பக்கம் டீம் பேர மட்டும் பாத்துட்டு மூட்டையக் கட்டிட்டான்."

பையனின் முகம் வெளுத்தது. "எங்கம்மா அங்கதானுங்க இருப்பாங்க. மணி ஊட்டுக்கும் எங்க ஊட்டுக்கும் நடுவால ஒரே செவுரு. மணி ரிக்கு வண்டியிலதான் செத்தான், வடக்க. நானும் அதே வண்டியிலதான் இருக்கறேன். போன் அடிச்சு நான் எடுக்கலீன்னாலே எங்கம்மாவுக்கு மாரு அடைக்கும். நான் இன்னைக்கு வாரேன்னு சொல்லக்கூட இல்லீங்க. இந்தச் சட்டையப் பாத்தாங்கன்னா..."

மஞ்சுளாவுக்கும் ஒரு மகன் இருக்கிறான், நாமக்கல்லில் விடுதியில் தங்கிப் படிக்கிறான். அவன் முகத்துக்குப் பக்கத்தில் ஒரு விளக்கை நினைத்துப் பார்த்தவுடன் அவள் போனைக் கையில் எடுத்தாள். கந்தப்பனுக்கு அடித்தாள், ரிங் போய்க்கொண்டே இருந்தது, எடுப்பார் இல்லை. பையன் அவன் அம்மாவுக்கு அடித்தான். அந்த அம்மாள் போனை வீட்டில் வைத்துவிட்டுப் போகிற ரகம்.

"வண்டியில ஏறு சாமி. அவங்க பாக்கறதுக்குள்ள போயிரலாம்" என்றாள்.

ஸ்கூட்டியைப் பையன் ஓட்டினான். பின்னால் உட்கார்ந்த மஞ்சுளா கடையைப் பூட்டினோமா என்றுகூட யோசிக்கவில்லை. திருச்செங்கோட்டு நெரிசலில் ஒரு பஸ் வழிவிடாமல் நின்றபோது, அந்த டிரைவரின் ஏழு தலைமுறையையும் வாய்க்குள்ளேயே திட்டித் தீர்த்தாள். மலைமேல் இருக்கும் அர்த்தநாரீஸ்வரரைப் பார்த்து, அந்த அம்மாள் கண்ணில் மட்டும் சட்டை படாமல் பார்த்துக்கொள் என்று வேண்டிக்கொண்டாள்.

ஊர் தாண்டியதும் பையனே பேசினான். "மணி போனதுக்கப்பறம் நான் ஊருக்கே வரலீங்கக்கா. அவங்கம்மா மொகத்துல முழிக்க முடியாதுன்னுதான். இந்தக் கோப்பைக்கு வராம இருந்தா நல்லா இருக்காதுன்னுட்டு வந்தேன். வந்த நேரத்தப் பாருங்க."

மைதானத்தை நெருங்கும்போது மைக் சத்தம் கேட்டது. கிட்டப் போனபோது நின்றுவிட்டது. ஜெயபிரகாஷ் வண்டியைப் போட்டுவிட்டுக் கூட்டத்தில் தன் அம்மா ராமாத்தாளைத் தேடினான். அவள் அங்கே இல்லை. ஆட்டக்காரர்களுக்குச் சோறாக்க வீட்டிலேயே இருக்கிறாளாம், இப்போது எடுத்துக்கொண்டு வந்துவிடுவாளாம் என்று யாரோ சொன்னார்கள். மஞ்சுளாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டாள்.

விட்ட மூச்சை முழுதாக விடவில்லை. பையன்கள் பாதிப் பேர் சட்டையை மாட்டிக்கொண்டு, ஒருவன் முதுகை ஒருவன் பார்த்தபடி திகைத்து நின்றார்கள். கந்தப்பன் மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு பேயறைந்தவன்போல நின்றான். அவனுக்கு முன்னால், பிளாஸ்டிக் நாற்காலியில், மணிமாறனின் அம்மா சின்னாயி உட்கார்ந்திருந்தாள். முதல் சட்டையைப் பெற்றவள் கையில் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்குவது என்று ஏற்பாடு. கந்தப்பன் மடிப்புக் கலையாமல் கொடுத்திருக்கிறான். அவள் தன் பையனின் முகத்தைப் பார்க்கப் பிரித்திருக்கிறாள். எழுத்து அவளுக்குத் தெரியாது. முகம் தெரியும்.

இந்த அம்மாளைப் பற்றி வழியெல்லாம் மஞ்சுளா நினைக்கவே இல்லை.

சின்னாயி நிமிர்ந்தாள். கூட்டத்தில் நின்ற ஜெயபிரகாஷைப் பார்த்தாள்.

"ஜெயா... நீயா சாமி?"

"நாந்தானுங்க பெரிம்மா."

கிட்டே வந்தவனின் கன்னத்தைத் தொட்டாள். மடியில் கிடந்த சட்டையைத் தொட்டாள். மறுபடி கன்னத்தைத் தொட்டாள். "உன்னையச் செத்துட்டதா அடிச்சிருக்கறாங்க. நீ நடந்து வாரயே" என்றாள். அப்புறம் அவள் முகம் மாறியது. மழை விட்டதும் வெளுக்குமே வானம், அந்த மாதிரி ஒரு வெளிச்சம் வந்துவிட்டது. அதைப் பார்த்த எல்லோருக்கும் பயமாக இருந்தது.

"அப்ப என்ற பையனும் வருவானா சாமி?"

கந்தப்பன் மைக்கைத் தரையில் வைத்தான்.

"பொட்டியத் தொறந்து காட்டவே இல்லையே. மொகத்தப் பாக்க வேண்டாம்னு சொல்லி அப்பிடியே கொண்டு போயிட்டாங்களே. உள்ள இருந்தது அவன்தான்னு நான் எங்க பாத்தேன்?"

மஞ்சுளா ஓடிப்போய் அவள் காலடியில் மண்ணில் உட்கார்ந்தாள். அடிக்கட்டும், செருப்பாலேயே அடிக்கட்டும் என்றுதான் உட்கார்ந்தாள். "அம்மா, சட்டை அடிச்சவ நானுங்க. போட்டோவுல ரெண்டு பேரு இருந்தாங்க. நான் ஆள மாத்தி அடிச்சுட்டனுங்க. என்ற தப்புங்க."

சின்னாயிக்குக் கோபம் வரவில்லை. அவளைக் குனிந்து பார்த்து, "தெரியாமத்தான பண்ணுன?" என்று கேட்டாள்.

"ஆமாங்கம்மா."

"உனக்கு ஆளு மாறுனாப்பல அவங்களுக்கும் மாறியிருக்கக் கூடாதா அம்மிணி?"

லாரிக்காரன் முதல் டிரான்ஸ்போர்ட் முதலாளி வரை எல்லோருக்கும் பதில் வைத்திருந்த மஞ்சுளா இதற்கு என்ன சொல்வாள்? பெற்றவளுக்கு ஒரு வருஷம் கழித்து ஆசையைக் கொடுத்தது அவள் கை. கொடுத்ததை அவளே திருப்பிப் பிடுங்க வேண்டும். அவள் அழுதாள்.

ஜெயபிரகாஷ்தான் சொன்னான். அவனும் மண்ணில் உட்கார்ந்துவிட்டான். "மாறலீங்க பெரிம்மா. பொட்டியில எடுத்து வெச்சது நாந்தானுங்க."

"நீ பாத்தியா?"

"பாத்தனுங்க. மொகத்தத் தொடச்சு உட்டதும் நாந்தான்."

சின்னாயி முகத்தில் வந்த வெளிச்சம் போய்விட்டது. "வலி இருந்துதா மொகத்துல?" என்று கேட்டாள்.

"இல்லீங்க. தூங்கறாப்பலதான் இருந்தான்."

அப்படி இருந்திருந்தால் பெட்டியை ஏன் மூடினார்கள் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. சின்னாயியும் கேட்கவில்லை. சட்டையை மடித்தாள், படம் உள்ளே போகும்படி. அந்த நேரம் பார்த்து, சோற்று அண்டாவோடு ராமாத்தாள் ஆட்டோவில் வருகிறாள் என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

சின்னாயி எழுந்து நின்றாள். "கழட்டுங்க சாமி. எல்லாத்தையும் கழட்டிக் குடுங்க. ராமாத்தா கண்ணுல இது படக் கூடாது."

பையன்கள் கழற்றிக் கொடுத்தார்கள். மஞ்சுளாவும் கந்தப்பனும் வாரிச் சுருட்டினார்கள். சின்னாயி அத்தனையையும் தன் நாற்காலிக்கு அடியில் திணிக்கச் சொல்லி, மேலே உட்கார்ந்து, சேலையை இருபுறமும் இழுத்துவிட்டுக்கொண்டாள். ராமாத்தாள் வந்தாள். மகனைப் பார்த்ததும் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். சொல்லாமல் வந்ததற்கு அவன் முதுகில் ஒரு அடி வைத்தாள். பிறகு அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். சின்னாயி அதை முழுதும் பார்த்தாள், கண்ணை எடுக்கவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு ராமாத்தாள் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். "ஏனக்கா, பசங்க வெத்து ஒடம்போட நிக்கறானுங்க? சட்டை வரலையா?"

"வரலை ராமாத்தா. இந்தப் பொண்ணு இன்னும் அடிச்சு முடிக்கலையாமா" என்றாள் சின்னாயி.

அவள் சேலை ஓரத்துக்குக் கீழே ஒரு சட்டைக் கை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மஞ்சுளா கால் செருப்பைச் சரிசெய்கிறவள்போலக் குனிந்து, அதை உள்ளே தள்ளிவிட்டாள்.