குளிர் காய்ந்த டிவி

பழைய டிவியை வீட்டை விட்டுத் தூக்கிய அன்று அம்மா இருந்தாள், நான் இருந்தேன், டீ குடிக்க வந்த ரிப்பேர்க்கார பாய் இருந்தார். மேல்வரிசையில் குடியிருந்த அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். அப்பா இல்லை. அவர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். டிவி போகிற சேதி அவருக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

தேயிலை விலை விழுந்த வருடங்கள் அவை. ஒரு கிலோ பச்சை இலைக்குக் கிடைக்கிற காசு, அதைப் பறிக்கிற கூலிக்கே காணவில்லை. எங்கள் ஊரான ஜெகதளாவைச் சுற்றித் தோட்டம் வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பறிப்பதை நிறுத்தினார்கள். இடுப்பு உயரத்தில் பாய் விரித்தாற்போல் கிடந்த செடிகள், கத்தி படாமல், கை படாமல், மெதுவாக மரமாகத் தொடங்கின. ஒரு காலையில் சன்னலைத் திறந்தால் எதிர்ச் சரிவு முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பூ. நடுவில் மஞ்சள் பொடி. தேயிலை இவ்வளவு பூக்கும் என்பதையே நான் அப்போதுதான் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. அதைப் பார்த்து யாரும் சந்தோஷப்படவில்லை.

அப்பா வேலை பார்த்த தேயிலை ஃபேக்டரியும் மூடியது. அங்கே டிரையர் அவர் பொறுப்பு. ஈர இலை ஒரு பக்கம் போய், கறுத்துச் சுருண்டு மறுபக்கம் வரும் அந்த அடுப்பின் முன்னால் இருந்தவருக்கு, பனியில் நிற்கிற வீட்டில் சும்மா உட்காரத் தெரியவில்லை. பஸ் ஏறிவிட்டார். இலை பறிக்கப் போய்க்கொண்டிருந்த அம்மா, முன்னறையில் இரண்டு பெஞ்சு போட்டு டீக்கடை ஆரம்பித்தாள். டீ, போண்டா, பாட்டிலில் வர்க்கி பிஸ்கட். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். அப்போது ஊட்டியில் கல்லூரி. அந்தக் கடை ஓடினால் நான் கல்லூரிக்குப் போவேன். ஓடாவிட்டால் அப்பாவுக்குப் பக்கத்து மேசையில் எனக்கும் ஓர் இஸ்திரிப் பெட்டி. இது மூன்று பேருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

கடை ஓடியது டீயால் அல்ல, டிவியால். வேலையில்லாத ஊரில் பகல் மிக நீளம். நாலு மணிக்கு மேல் கம்பளிக்குல்லாவும் சால்வையுமாக ஆட்கள் வந்து பெஞ்சில் நெருங்கி உட்காருவார்கள். கறுப்பு வெள்ளை டிவி, மரப்பெட்டி, இரண்டு பக்கமும் இழுத்து மூடுகிற மரக்கதவு. வாங்கிய நாளிலிருந்து ஒருமுறைகூடப் படுத்ததில்லை. அதற்குக் காரணம் பல்பு என்பது அப்பாவின் கட்சி.

எங்கள் பக்கத்தில் டிவியை எடுத்த எடுப்பில் போடக் கூடாது. மூடுபனி வீட்டுக்குள் வந்து, சுவரில், பாயில், உப்பு டப்பாவில் எல்லாம் இறங்குகிற இடம். டிவிக்குள்ளும் இறங்கும். அந்த ஈரத்தோடு கரண்ட் கொடுத்தால் உள்ளே படபடவென்று பொரியும். அதனால் டிவியின் முதுகுப்பக்கம் ஒரு நாற்பது வாட் பல்பை எரியவிட்டு, மேலே கம்பளியைப் போர்த்தி, அரை மணி நேரம் விட வேண்டும். “டிவி குளிர் காயுது” என்போம். எங்கள் வரிசையில் எல்லா வீட்டிலும் இந்த வழக்கம்தான். பல்பு இல்லாதவர்கள் கரியடுப்பைத் தள்ளி வைத்துச் சூடு காட்டுவார்கள். அப்பா திருப்பூருக்குக் கிளம்பும்போது, “ஈரம் போனாத்தான் எதுவும் நிக்கும். பல்ப மறந்துராதீங்க” என்று சொல்லிவிட்டுத்தான் செருப்பை மாட்டினார்.

அந்த அரை மணி நேரம் எனக்குப் பிடிக்கும். கல்லூரி விட்டு வருவேன். லவ்டேல் தாண்டும்போது பஸ் சன்னலில் வெளியே ஒன்றும் தெரியாது, வெண்மை மட்டும். வீட்டுக்குள் நுழைந்தால் மூலையில் கம்பளிக்குள் ஒரு வெளிச்சம், இழையிழையாகக் கசிந்துகொண்டிருக்கும், அடைகாக்கிற கோழியின் வயிற்றுக்கடியில் யாரோ விளக்கேற்றி வைத்ததுபோல. எல்லோரும் டீயை ஊதிக்கொண்டு அதையே பார்த்திருப்பார்கள். படம் வருவதற்கு முன்பே படம் பார்க்கிற கூட்டம்.

பிறகு சீரியல் தொடங்கும். சேலைச் சண்டையும் தொடங்கும்.

“மாமியாக்காரி கட்டிருக்கறது மயில்கழுத்துக் கலரு.”

“போக்கா, அது மாந்தளிரு. கரையப் பாரு.”

“ஏம்மா, நீ போயித் தொட்டுப் பாத்துட்டு வந்தியா?”

தீர்ப்புச் சொல்ல ஆள் கிடையாது. ஆளுக்கொரு நிறத்தோடு வீட்டுக்குப் போவார்கள்.

கீழ் வளைவில் இருந்த டீக்கடைக்காரர் கலர் டிவி வாங்கினார். ஒரு வாரத்தில் எங்கள் பெஞ்சு ஒன்று காலியானது. மேல்வரிசை அக்கா மட்டும் நேர்மையாகச் சொல்லிவிட்டே போனார்.

“கோவிச்சுக்காதக்கா. உன்ற டிவில எல்லாரும் மூடுபனிக்குள்ளயே நிக்கறாங்க. அதப் பாக்க நான் எதுக்கு இங்க வரணும்? என்ற ஊட்டு வாசல்ல நின்னாப் பத்தாது?”

அம்மா சிரித்தாள். அன்று மிஞ்சிய போண்டாவை இரவு நாங்கள் சாப்பிட்டோம். அடுத்த நாளும் அதையேதான் சாப்பிட்டோம்.

மாசி மாதத்தில் கோயம்புத்தூர் பக்கமிருந்து ஒரு லாரி மைக் கட்டிக்கொண்டு மலையேறி வந்தது. எக்ஸ்சேஞ்ச் மேளா. பழைய டிவி, ஓடினாலும் சரி, ஓடாவிட்டாலும் சரி, கொடுத்தால் ஆயிரத்து ஐந்நூறு கழிவு, மீதிக்குத் தவணை. மைக்கில் பேசியவன் குரலும் பனிக்குள்ளிருந்து வந்ததால், எந்தத் திசை என்றே தெரியாமல், மலையே எங்களிடம் பேரம் பேசுவதுபோல் இருந்தது. அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள்.

முதலில் சொன்ன அந்த நாள் இதுதான். இரண்டு பேர் டிவியைத் தூக்கிப் போய் லாரிக்குப் பக்கத்தில் வைத்தார்கள். மூன்றாமவன் பின்மூடியைக் கழற்றி, திருப்புளியின் கைப்பிடியால் உள்ளே ஒரு தட்டுத் தட்டினான். புஸ்ஸென்று ஒரு மூச்சு வந்தது.

“பிக்சர் டியூப் கழுத்த ஒடிச்சுட்டான்” என்றார் பாய். “காத்து பூந்திருச்சு. இனி அது படம் காட்டாது.”

அம்மா அவனைப் பார்த்தாள். “ஓடிட்டிருந்த டிவிங்க அது.”

“அதனாலதானுங்க்கா” என்றான் அவன், மரியாதையாகவே. “இத எவனாச்சும் வாங்கி ஓட்டுனா, புதுச எவன் வாங்குவான்? எங்களுக்கு அப்படித்தாங்க உத்தரவு.”

லாரிக்குள் பார்த்தேன். எங்களுடையதைப் போல எத்தனையோ. கதவு வைத்தவை, கால் வைத்தவை, எல்லாம் கழுத்தொடிந்து, சாம்பல்நிறக் கண்ணாடியில் ஒரே வானத்தைக் காட்டிக்கொண்டு கிடந்தன. அவை மழையில் நனைந்தாலும் இனி யாரும் கம்பளி போர்த்தத் தேவையில்லை என்று எனக்குத் தோன்றியது.

கலர் டிவி வந்தது. ரிமோட்டோடு வந்தது. இரண்டு பெஞ்சும் நிறைந்து, ஆட்கள் சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்கள். மேல்வரிசை அக்காவும் வந்தார். மாமியாருடைய சேலை காப்பிக்கொட்டை நிறம். “சே, இதுக்கா இத்தன நாளு சண்ட போட்டோம்?” என்றார் அவர். அதன்பிறகு சேலையைப் பற்றி யாரும் பேசவில்லை. எல்லோருக்கும் ஒரே நிறம் தெரிந்தது. அம்மா மட்டும் சில சமயம் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு, கதை எதையும் கவனிக்காமல், படத்துக்குப் பின்னால் தெரிகிற கடலையோ வயலையோ பார்த்துக்கொண்டு நிற்பாள். இவ்வளவு மஞ்சள் உண்மையிலேயே இருக்குமா என்று என்னிடம் ஒருநாள் கேட்டாள். நெல் அப்படித்தான் விளையும் என்றேன். நானும் கிட்டத்தில் பார்த்ததில்லை.

டிவியோடு வந்த புத்தகத்தை அம்மா என்னைப் படித்துச் சொல்லச் சொன்னாள். இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சொன்னேன். “ஈரம் உள்ள இடத்தில் வைக்கக் கூடாதாம். சூடு உள்ள இடத்திலும் வைக்கக் கூடாதாம்.”

“ஈரமில்லாத எடத்துக்கு எங்க கண்ணு போறது? திருப்பூர்ல உங்கப்பங்கிட்டயா கொண்டுபோயி வெக்கறது?” அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “ஈரம் ஆவாதுன்னு அவனே எழுதிருக்கான் பாரு. உங்கப்பன் சொன்னதுதான்.”

புத்தகம் சொன்ன இரண்டில், இந்த மலைக்குப் பொருந்துகிற ஒன்றை அம்மா எடுத்துக்கொண்டாள். மற்றது யாரோ வெயில் ஊர்க்காரருக்கு எழுதியது.

கோடை முழுக்கப் பல்புக்கு வேலையில்லை. ஆடி பிறந்ததும் பனி இறங்கியது. கம்பளி வெளியே வந்தது. புதிய டிவியின் முதுகு, பழைய மரப்பெட்டியைப் போல விலகி நிற்காமல், பிளாஸ்டிக்கில் கூம்பிப் பின்னால் நீண்டிருந்தது. பல்பு அதன்மேல் சாய்ந்த மாதிரிதான் நின்றது. பத்து நாள் ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை, எதிரில் நிற்பவர் முகம் தெரியாத பனி. பெஞ்சில் இருந்தவர்களே, “இன்னிக்கு ஈரம் சாஸ்திங்க, இன்னுங் கொஞ்ச நேரம் காயட்டுமுங்க” என்றார்கள். அம்மா காயவிட்டாள். கம்பளிக்குள் வெளிச்சம் நல்ல பொன்னிறமாக இருந்தது. ஒரு இனிப்பான, மருந்துபோன்ற வாசனை மெல்லப் பரவியது. யார் வீட்டிலோ ஊதுவத்தி என்று நினைத்தோம்.

கம்பளியை எடுத்தபோது பின்மூடி, கல்லில் அதிகமாக நின்ற தோசையின் ஓரம்போலச் சுருண்டு உள்ளே இறங்கியிருந்தது. ஸ்விட்சைப் போட்டோம். சின்னச் சிவப்பு விளக்குகூட வரவில்லை. கூட்டம் டீக் கிளாஸ்களை வைத்துவிட்டுக் கலைந்தது.

பாய் வந்து திறந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். “பழசா இருந்தா ஒரு பல்ல புடுங்கி வேற பல்லு வெப்பேன். இதுல வாயே ஒத்தப் பல்லு தம்பி. போர்டு மாத்தணும். நான் சொல்லத்தான் முடியும், கம்பெனிக்காரன் குடுத்தாத்தான் உண்டு.”

மேளா கம்பெனியின் குன்னூர் ஷோரூமுக்கு அம்மாவும் நானும் ஆட்டோவில் டிவியை மடியில் வைத்த மாதிரி கொண்டுபோனோம். அங்கே கண்ணாடிக்கு உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. சுவர் முழுக்க டிவிகள், எல்லாவற்றிலும் ஒரே நீலக் கடல், ஒரே அலை, ஒரே நேரத்தில் புரண்டது. சத்தமில்லை. அதற்கு நடுவில் நின்றபோது எங்கள் கிராமமும் பனியும் யாரோ சொன்ன கதைபோல் இருந்தன.

கவுண்ட்டரில் இருந்தவர் பின்மூடியைத் தடவிப் பார்த்தார். “சூட்டுல போனதுக்கு வாரண்டி இல்லீங்க.”

“காசு குடுத்துடறமுங்க. போர்டு மாத்திக் குடுங்க” என்றாள் அம்மா.

“போர்டே இல்லீங்க. மாடல் நின்னுருச்சு. மேளாவுக்கு வந்ததே கடைசி ஸ்டாக்குங்க.”

“தவண இன்னும் முடியலீங்களே.”

“தவண கட்டித்தானுங்க ஆவணும்.” அடுத்து அவர், ஒரு நல்ல செய்தியைப் போலச் சொன்னார்: “இதையே எக்ஸ்சேஞ்சுக்குக் குடுத்தர்லாமுங்க. ஓடாட்டியும் பரவால்ல. ஐநூறு கழிச்சுக்கறோம்.”

அம்மா டிவியைக் கவுண்ட்டரிலேயே விட்டாள். வெளியே வந்து எஸ்டிடி பூத்தில் திருப்பூருக்குப் போட்டோம். கம்பெனியில் அப்பாவைக் கூப்பிட்டுக் கொண்டுவர நேரமானது. மீட்டரில் எண் ஓடிக்கொண்டிருந்தது.

“ஏனுங்க, பழச மாத்திக் கலர் டிவி வாங்குனமுங்க. அது போயிருச்சுங்க” என்றாள் அம்மா, எல்லாவற்றையும் ஒரே மூச்சில்.

ரிசீவருக்கு வெளியே எனக்குக் கேட்டது. “பல்பு வெச்சீங்களா?”

“வெச்சமுங்க.”

“அப்பறம் எப்புடிப் போச்சு?”

அம்மா கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். “வெச்சதுலதானுங்க போச்சு.”

அப்பா, “இங்க கொடில போட்ட துணி நொடில காஞ்சிருதுங்கறேன்” என்றார், சம்பந்தமில்லாமல். அடுத்து, “கட எப்புடி?” என்றார்.

“டிவி இருந்தா ஓடுமுங்க.”

“அவன இங்க வரச் சொல்லாத. அவன் படிக்கட்டும்” என்றார் அப்பா. “நீயே பாத்து முடிவு பண்ணு.”

அம்மா பூத்துக்காரருக்குக் காசு கொடுத்துவிட்டு, நேராக அதே கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு திரும்ப உள்ளே போனாள். ஏமாந்து போகவில்லை. என்ன நடக்கிறதென்று தெரிந்துதான் போனாள். இந்தமுறை ஐநூறு கழிவில் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வந்த புது டிவிக்கு வீட்டில் பல்பு வைக்கவில்லை. பெஞ்சில் இருந்தவர்களுக்கு அது பச்சைக் குழந்தையைக் குளிரில் நிறுத்துவதுபோலிருந்தது. ஒவ்வொரு நாளும் ஸ்விட்சைப் போடும்போது எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். அடுத்த மழையில் கீழ் வளைவுக் கடைக்காரருடைய கலர் டிவி, ஒருநாளும் பல்பே காணாதது, தானாகவே போனது. எங்களுடையது மூன்று மழைக்காலம் நின்று, பிறகு ஒரு நாள் நடுவில் ஒரு வெள்ளைக் கோடாகச் சுருங்கி அணைந்தது. அதற்குள் நான் கல்லூரியை முடித்திருந்தேன்.

ஓடிக்கொண்டிருந்த ஒரு டிவி இருந்த இடத்தில், ஓடுகிற ஒரு டிவியை இருக்கச் செய்ய, வட்டியும் ஆட்டோ வாடகையும் சேர்த்து எங்களுக்கு ஆனது பதினெட்டாயிரத்து இருநூறு ரூபாய்.