ஆகாசத்தில் ஒரு மணி நேரம்

நான் விமானத்தில் பறந்தவன். பொய். பழவேற்காட்டிலிருந்து அண்ணாந்து பார்த்ததோடு சரி, அதற்கே கழுத்து பிடித்துக்கொண்டது. ஆனால் நைனா செத்த அன்று, விமானத்தைப் பற்றி ஊரிலேயே அதிகம் பேசியவன் நான்தான்.

விடியும்போது நைனா, என்னைப் பெற்றவர், போய்ச் சேர்ந்தார். தங்கச்சியை ராஜமுந்திரிப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தோம். அங்கே இறால் குட்டையில் அவள் புருஷனுக்கு வேலை. "நைனா மூஞ்சியப் பாக்காம தூக்கிடாதண்ணா" என்று போனில் அழுதாள். ரயிலில் வந்தால் இருட்டிவிடும் என்று குட்டை முதலாளியே திருப்பதிக்கு விமான டிக்கெட் எடுத்துக் கொடுத்தார். எனக்குப் படிக்கத் தெரியாது. போனிடம் வாயாலேயே கேட்டேன், ராஜமுந்திரியிலிருந்து திருப்பதி எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்று. தூரம் காதில் ஏறவில்லை. ஒரு மணி நேரம் சொச்சம் என்றது மட்டும் ஏறியது.

எங்கள் ஊரில் பிணம் வீட்டில் இருக்கும்வரை யாரும் வலை எடுக்கக் கூடாது. அன்றைக்குப் பார்த்து எங்கள் தெருவுக்குப் பாடு. ஏரியில் நல்ல இடத்தில் வலை கட்ட முறை வைத்து வருகிற நாள் அது, விட்டால் விட்டதுதான். அதையும் விட்டுவிட்டு உட்கார்ந்திருந்த ஜனங்களிடம் போய், ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவாள் என்று பெரிய மனுஷன் மாதிரி சொல்லிவிட்டேன்.

நாங்கள் அப்படித்தான் கணக்குப் போடுகிறவர்கள். வீட்டுக்குப் பின்னாலேயே படகு. ஒரு மணி நேரம் என்றால் இந்தக் கரையில் எடுத்த காலை அந்தக் கரையில் வைக்கிறவரை. விமானம் ஏறப் பஸ் பிடிக்கணும், போய்க் காத்துக் கிடக்கணும், இறங்கியபின் சூளூர்ப்பேட்டை, பொன்னேரி என்று ஏரியைச் சுற்றி வரணும் என்றெல்லாம் போன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

உச்சிவெயிலில்தான் அவள் விமானமே ஏறினாள். மேளக்காரர்கள் அடித்து ஓய்ந்து சுவரில் சாய்ந்துவிட்டார்கள். ஊர்ப் பெரியவர், எனக்கு மாமா முறை, பக்கத்தில் வந்து குந்தினார்.

"இன்னாடா, உன் ஒரு மணி நேரம் இன்னும் முடியலியா?"

"எதிர்காத்து மாமா."

"ஏரோப்ளேனுக்குப் பாய் கட்டிக்கீறாங்களா?"

நாலு பேர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "பொழுது சாயறதுக்குள்ள தூக்கணும். அவ வந்தாலும் சரி, வராங்காட்டியும் சரி."

காலையிலிருந்து தெருவில் அடுப்பு எரியவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. சிரிக்கிற ஜனம் சீக்கிரம் எழுந்திருக்காது என்பது மட்டும் எனக்குத் தெரியும். அதனால் நைனா கால்மாட்டில் உட்கார்ந்து, நான் விமானம் ஏறிய கதையை அவிழ்த்துவிட்டேன். ஏறியதும் தண்ணீர் இறைக்கச் சட்டி எங்கே என்று கேட்டேனாம். மேகத்தில் ஆழம் பார்க்கக் கழி கேட்டேனாம். ஒவ்வொரு பொய்யும் சேற்றில் படகு தள்ளுகிற மாதிரி இருந்தது. நைனாவின் முகத்தைப் பார்க்காமல் பேசினேன். பார்த்திருந்தால் வாய் நின்றிருக்கும். மாமா வெயிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் என்ன செய்கிறேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

வெயில் மஞ்சளாகிவிட்டது. சோறு கொண்டுவந்த விமானப் பெண்ணிடம், கருவாடு இல்லையா என்று நான் கேட்க, அவள் என்னை மேலும் கீழும் பார்த்து, என்று இழுத்துக்கொண்டிருந்தேன். தெருமுனையிலிருந்து என் பெண்டாட்டி கூப்பிட்டாள்.

"யோவ், உன் தங்கச்சி ஆட்டோல கீறா. எறங்க மாட்டேங்குறா. நைனா மூஞ்சியப் பாக்க முடியாதாம். நீ வா."