கொண்டையில் சாக்பீஸ்

மகளின் ரசாயன டீச்சர் ஒல்லியாக, உயரமாக இருப்பார். போர்டில் எழுதி முடித்ததும் சாக்பீஸைப் பூ மாதிரி கொண்டையில் செருகிக்கொள்வார். அமிலம் எது, காரம் எது என்று மனதில் நிற்கவில்லை, பரீட்சைக்கே போகமாட்டேன் என்று என் மகள் வீட்டில் உட்கார்ந்தபோது, அவர் பிள்ளையார்பாளையத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கே தேடி வந்துவிட்டார்.

அன்று வெள்ளிக்கிழமை. மஞ்சள் பூசிக் குளித்த கையோடு, பட்டு நூலைப் பசை போக வேகவைக்கச் சோடா உப்பைக் கரைத்துக்கொண்டிருந்தேன். டீச்சரைக் கண்டதும் வெட்கத்தில் கையை முந்தானைக்குள் மறைத்தேன்.

"கை ஏம்மா இப்படிச் செவந்திருக்குது? சுட்டுக்கினீங்களா?"

"இல்லீங்க டீச்சர். மஞ்சா கையில சோடாத் தண்ணி பட்டா செவந்துடும். எலுமிச்சம்பழம் தேச்சா திரும்ப மஞ்சளாயிடும்."

டீச்சர் மகளைப் பார்த்துச் சிரித்தார். "அடியே, உங்கம்மா கையிலயே இருக்கறத நீ புஸ்தகத்துல தேடிக்கினு இருக்கியா? நாளைக்கு நீங்களும் கிளாஸுக்கு வாங்கம்மா."

"ஐயோ, நான் அஞ்சாங்கிளாஸுங்க."

"கை எத்தனாங்கிளாஸுன்னு யாரும் கேக்க மாட்டாங்க."

மறுநாளும் மஞ்சள் பூசிக்கொண்டு போனேன். கதவுக்குப் பின்னால் நின்று கையை மட்டும் வகுப்புக்குள் நீட்டினேன். டீச்சர் சோடாத் தண்ணீர் ஊற்றிக் கை சிவந்ததும், "காரம்னா செவப்பு!" என்று முதலில் கத்தியது என் மகள்தான். பரீட்சைக்கும் போனாள், பாஸும் ஆனாள்.

அன்று வகுப்பு முடிந்து நான் கிளம்பும்போது டீச்சர் என்னைக் கட்டிக்கொண்டார். வீட்டுக்கு வந்தால், தறியில் இருந்த என் வீட்டுக்காரர், "கொண்டையில இன்னாமா சாக்பீஸு?" என்று சிரிக்கிறார்.

டீச்சர் கை தவறிச் செருகினாரா, வேண்டுமென்றே செருகினாரா, நான் கேட்கவேயில்லை.