அடுத்து நிற்க ஓர் ஆள்

ஞானபாக்கியம் சாயர்புரத்துக்காரி. நான்கு தலைமுறையாகக் கிறிஸ்தவக் குடும்பம். சபையை நடத்தும் உபதேசியாராக இருந்த கணவர் மாரடைப்பில் போன பிறகு, மிஷன் அவளையே அந்த வேலைக்கு எடுத்து, குற்றாலத்துக்குப் பக்கத்தில் மலையடிவாரக் குடியிருப்பு ஒன்றுக்கு அனுப்பியது. அங்கே சபை என்று சொல்ல ஒரு தகரக் கொட்டகைதான் இருந்தது. அவள் வந்த பிறகு ஒவ்வொருவராகப் பத்துப் பதினைந்து பேர் ஞானஸ்நானம் எடுத்தார்கள். எல்லோரும் புதியவர்கள். சாரல் சீசனில் லாட்ஜிலும் கடையிலும் வேலை பார்ப்பார்கள், மற்ற மாதங்களில் பீடி சுற்றுவார்கள்.

அவள் ஓய்வுபெற வேண்டிய வருஷமும் வந்தது. தென்காசியிலிருந்து வந்த போதகர் நின்றுகொண்டே சொன்னார்.

"எனக்கு ஒன்பது சபை இருக்கும்மா. இங்க மாசத்துக்கு ஒரு தடவதான் வர முடியும். உங்களுக்குப் பிறகு இவங்கள்ல ஒருத்தர் நடத்தணும். கிறிஸ்மஸுக்குள்ள ஆள் அமையலன்னா, கொட்டகைய மூடிட்டு இவங்களத் தென்காசிக்கு வரச் சொல்லிருவோம்."

தென்காசிக்கு இவர்கள் போகமாட்டார்கள். ஒரு தடவை போய், பட்டுச் சேலைகளுக்குப் பின்னால் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பஸ் ஏறி வந்தவர்கள்.

ஆனால் ஞானபாக்கியம் அப்போது கலங்கவில்லை. மந்திரமூர்த்தி இருந்தான். நேந்திரங்காய் சிப்ஸ் கடையில் அடுப்படியில் நிற்பவன், நல்ல குரல். மூன்று வருஷமாக அவனைத்தான் தயார்செய்திருந்தாள். அவள் ஜெபிப்பதுபோலவே ஜெபிப்பான். அவள் நிறுத்தும் இடத்தில் நிறுத்துவான்.

ஐப்பசியில் அவன் வருவது நின்றது. கடைக்கே தேடிப் போனாள். நெற்றியில் திருநீறு. எண்ணெய்ச் சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினான்.

"கடையம் ஊருல மாப்பிள்ள அமைஞ்சிருக்கு. வேதத்துல இருக்கவன் வீட்டுல பொண்ணு எடுக்கமாட்டோம்னு அவிய ஒத்தக்கால்ல நிக்காவ. எம் மவளுக்கு வயசு ஏறிக்கிட்டே போவுதுக்கா."

"ஆண்டவர் வழிய விட்டுட்டா போற?"

"ஆண்டவருக்கு ஆயிரம் பேரு இருப்பாங்க. அவளுக்கு அப்பன் நான் ஒருத்தன்தான."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் சபைக்குக் கூட்டிவந்திருந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் வராமல் போனார்கள். மிஞ்சியவர்கள் லாட்ஜில் விரிப்புத் துவைக்கும் வேல்விழி, தோட்டவேலைக்குப் போகும் இசக்கிமணி, அவன் மனைவி, வயதான வடிவம்மாள், அவ்வளவுதான்.

இசக்கிமணிக்கு எழுத்து வராது. அதனால் வேல்விழிதான். அவள் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். தட்டுத் தடுமாறி வாசிப்பாள். ஆனால் ஜெபிக்கச் சொன்னால் வாய் உலர்ந்துபோகும். "சர்வ வல்லமையுள்ள" என்று தொடங்கிக் கண்ணை மூடியபடியே நிற்பாள்.

"லாட்ஜ்ல மேனேஜர்ட்ட லீவு கேக்க மட்டும் வாய் வருதுல்லா?" என்று ஞானபாக்கியம் ஒருநாள் எரிந்து விழுந்தாள்.

"அது எனக்குத் தெரிஞ்ச பேச்சுக்கா" என்றாள் வேல்விழி.

ஞானபாக்கியம் காலையும் மாலையும் அவளை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தாள், திட்டினாள், பிறகு கையைப் பிடித்துக் கெஞ்சினாள். ஒன்றும் ஏறவில்லை. கொட்டகையில் தனியாக முழங்கால் போட்டு, "ஆண்டவரே, இத்தன வருஷம் இங்க நான் என்னதான் செஞ்சேன்?" என்று அழுதாள். கார்த்திகை மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

அந்த மழையிலேயே காய்ச்சல் வந்து தென்காசியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தபோது வேல்விழியின் போன் வந்தது.

"அக்கா, வடிவம்மா பெரியம்மா போயிட்டா."

"பாஸ்டரையாவுக்குச் சொன்னியா?"

"திருவேங்கடத்துல இருக்காராம். ரோட்டுல தண்ணி, வரமுடியாதுங்காரு. அவிய மவன் வேல்ராஜ் எரிக்கணும்னு நிக்கான். சாதிசனம் பூரா வந்தாச்சு. நான் என்ன செய்யட்டும்?"

தன்னைப் புதைக்க வேண்டும், பாட்டுப் பாட வேண்டும் என்று வடிவம்மாள் பலமுறை கேட்டிருந்தாள். ஞானபாக்கியம் எழுந்து உட்கார்ந்தாள். "எரிக்க விடாத. அடக்க ஆராதனை புஸ்தகம் அலமாரியில இருக்கு, அத எடுத்து…" அதற்குள் லைன் போய்விட்டது. திரும்பத் திரும்ப அழுத்தினாள். கிடைக்கவில்லை. ஊசியைப் பிடுங்கப் போனவளை நர்ஸ் அதட்டிப் படுக்க வைத்தாள். சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். எல்லாம் முடிந்தது என்றே நினைத்தாள்.

அங்கே நடந்ததைப் பிறகு இசக்கிமணி சொன்னான். வேல்விழி புத்தகத்தை மழைக்காகப் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். கூட்டத்துக்குள் நுழைந்து வேல்ராஜ் முன்னால் நின்றாள்.

"அண்ணே, அவிய ஒன்னப் பெத்தவிய. எரிக்கணும்னா எரி, நான் மறிக்கல. ஆனா அவிய ஆச வேற. கொஞ்சநேரம் எங்கள நிக்க விடு."

யாரோ சத்தம் போட்டார்கள். வேல்ராஜ் அவர்களைக் கையமர்த்திவிட்டு, "சீக்கிரம் முடி" என்றான்.

புத்தகம் பைக்குள்ளேயே இருந்தது. வேல்விழி பிணத்தின் கால்மாட்டில் நின்று வாயைத் திறந்தாள்.

"ஏசப்பா, இது நம்ம வடிவம்மா. முட்டிவலியோட வந்து உம்ம முன்னால உக்காருவாளே, அவதான். எங்களுக்குப் பொதைக்க எடமில்ல. பாஸ்டரையா வரல, அக்கா ஆஸ்பத்திரில கெடக்கா. எனக்கு ஒண்ணும் தெரியாது. நீரே வந்து கூட்டிட்டுப் போவும். எரிச்சாலும் உமக்கு ஆள் தெரியும்லா."

பிறகு இசக்கிமணியும் மனைவியும் சேர்ந்துகொள்ள, மூவரும் பாட்டு ஒன்றைப் பாடினார்கள், தாளம் தப்பி. பிணத்தை எடுத்துப் போய்விட்டார்கள்.

இதைச் சொல்லி முடித்த இசக்கிமணி, "எரிக்க விட்டுட்டால்லா. இதுக்கா நாங்க சொந்தத்த விட்டு வந்தோம்?" என்றான். அவனும் மனைவியும் அதோடு சபைக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள்.

வீடு திரும்பிய ஞானபாக்கியமும் முதலில் அதையே கேட்டாள். "ஏன் விட்ட?"

"நீங்க இருந்தா சண்ட போட்டிருப்பியக்கா. நான் நாளைக்கும் அந்தத் தெருக் கொழாயிலதான் தண்ணி புடிக்கணும்."

தனக்குத் திரும்பிப்போகச் சாயர்புரம் இருக்கிறது, இவர்களுக்கு இந்தத் தெருவை விட்டால் போக்கிடமில்லை என்பது ஞானபாக்கியத்துக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. அதற்குப் பிறகு "சர்வ வல்லமையுள்ள" என்று வேல்விழியைத் தொடங்கச் சொல்லவில்லை. ஆனால் கொட்டகைக்கு அவளைத் தவிர வேறு யாரும் வரவில்லை.

கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம் போதகர் வந்தார். வேல்விழியை ஜெபிக்கச் சொல்லிக் கேட்டார். அவருக்குத் திருப்தி இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஞானபாக்கியம் அவர் காலில் விழாத குறையாகக் கேட்ட பிறகு, "ஒரு வருஷம் பாப்போம். மிஷன்லேர்ந்து உதவி எதுவும் வராது" என்றார்.

தை மாதம் ஞானபாக்கியம் சாயர்புரத்தில் தம்பி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். அங்கே சர்ச்சில் உட்கார்ந்தாலும் மனம் நிலைகொள்ளவில்லை. சீசன் தொடங்கியதும் போன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை லாட்ஜில் கூட்டம் தாங்காது என்பதால் ஆராதனையைச் செவ்வாய்க்கு மாற்றிவிட்டதாக வேல்விழி சொன்னாள். கூடாது என்ற சொல் ஞானபாக்கியத்துக்கு நாக்கு நுனிவரை வந்து நின்றது.

"எத்தன பேரு வாராங்க?"

"லாட்ஜ்ல கூட வேல பாக்குற ரெண்டு பேரு எப்பவாச்சும் வருவாவ. போன வாரம் நான் மட்டுந்தான், தனியா ஜெபிச்சுட்டு வந்தேன்."

ஞானபாக்கியம் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அக்கா, சாரல் வந்துட்டு, விரிப்பெல்லாம் நனையுது. வச்சிருதேன்."